பதினாலாம் மலையில் ஐந்து சங்கிலி தூரம்

1913ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு, எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவிலுள்ள ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத் துரை, தம் பங்களா விறாந்தையில் நின்று, புதிதாக வரவழைத்திருந்த தூரக்கண்ணாடியால் எதிர்மலையைப் பார்த்தார். பதினாலாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அங்கம்மா என்னும் பெண், முதுகிலிருந்த கூடையை இறக்கி, இரு கைகளாலும் தூக்கி, அடுத்த தோட்டத்துக் குதிரைக்காரன் விரித்துப் பிடித்திருந்த சாக்கின் வாயில் சாய்ப்பதைக் கண்டார். கண்டதை அன்று மாலையே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுப் பெரிய துரைக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், அங்கம்மாவின் பெயர் கூப்பிடப்பட்டது. மலைக்குப் போகச் சொல்லவில்லை. முன்னால் வந்து நிற்கச் சொன்னார்கள்.

"நீ கொழுந்து குடுத்தது," என்றார் சின்னத் துரை. அவருடைய தமிழுக்கு நான்கு மாத வயதுதான் ஆகியிருந்தது. "நான் கண்ணாடியில் பார்த்தது. நீ கூடை தூக்கினது. அவன் சாக்கு பிடிச்சது."

"எவன் துரை?"

"அடுத்த தோட்டம் குதிரைக்காரன்."

பெரிய கங்காணி வடிவேல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே வந்தார். "துரை கண்ணால பார்த்தேங்கிறாரு. நீ எவன் எவன்னு கேக்கிற. நாக்கைக் கொஞ்சம் அடக்கு, அங்கம்மா."

"கூடையைத் தூக்கினேன், கங்காணியாரே. இல்லைங்கலை. கொழுந்தை உலுப்பி விடத் தூக்கினேன். எனக்குக் கிட்டத்துல எவனும் இல்லை."

வரிசையில் நின்ற பெண்களுக்கு அது தெரியும். கூடையில் அமுங்கிய கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. ஆகவே ஒரு கூடை நிறைவதற்குள் இருமுறையாவது அதை இறக்கி, தூக்கி, குலுக்கி, காற்றோட விடுவது அங்கம்மாவின் வழக்கம். யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை. கொழுந்து கெடுவது அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். "அங்கம்மா கொழுந்தைத் தொட்டில்ல போட்டுத் தாலாட்டுறா" என்று பக்கத்து நிரைக்காரிகள் கேலி செய்வார்கள். அன்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

பெரிய துரை ஊசிமலைக்கு வந்து முப்பது ஆண்டுகள். ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் பேச்சையே பேசுவார். தாளையும் அங்கம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்கம்மா, பதினாறு வருஷமா உன்னை எனக்குத் தெரியும். ஆனா சின்னத் துரை கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. அவர் பொய் சொல்றாருன்னு இத்தனை பேர் முன்னால நான் சொல்ல முடியுமா? சனிக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள, வேலையை விட்டு நீக்கின சீட்டை வாங்கிக்கிட்டு லயத்தைக் காலி பண்ணு."

தண்டனை அங்கம்மாவோடு நிற்பதாக இருந்தால் அவள் அவ்வளவு கலங்கியிருக்கமாட்டாள். புருஷன் இறந்து ஐந்து ஆண்டுகளாக லயத்து அறை அவள் பெயரில்தான் இருந்தது. அந்த அறையில் அவளுடைய ஒரே மகள் பூவம்மா நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருமகன் லுணுகலைப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போயிருந்தான். மருத்துவச்சி பார்த்துவிட்டு, "இந்த வாரமோ அடுத்த வார முதலிலோ" என்று சொல்லியிருந்தாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தச் சொன்னால், தலைப்பிரசவக்காரியை எந்த மரத்தடிக்குக் கூட்டிப்போவது?

களத்திலிருந்து திரும்பும்போது அவளை வேறொன்றும் உறுத்தியது. பொய் சொல்பவனின் முகத்தை அவள் அறிவாள். நாற்பது வீட்டு லயத்தில் அதற்குப் பஞ்சமில்லை. சின்னத் துரையின் முகம் அப்படி இருக்கவில்லை. மீசை அரும்பிய அந்த முகத்தில் வருத்தம்கூடத் தெரிந்தது. அவர் எதையோ பார்த்திருக்கிறார். நடக்காத ஒன்றை ஒருவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? திருடாதவளுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வரும்போலிருந்தது.

அன்று மாலை, லயத்துக்குக் கீழே மூங்கில் குழாய் வழியே தண்ணீர் கொட்டும் பீலியடியில் அவள் குடத்தை வைத்தபோது, ஒரு நெட்டை மனிதர் தகரவாளியோடு வந்து நின்றார். ரயில்பாதை அளவைக்கூட்டத்துக் கந்தப்பன். பண்டாரவளையோடு நின்றுபோயிருந்த பாதையைப் பதுளைவரை நீட்டுவதற்காக ஓர் அளவைத் துரையும் எட்டு ஆட்களும் ஊசிமலையில் கூடாரமடித்திருந்தார்கள். துரை மூன்று காலில் நிற்கும் கண்ணாடியால் பார்ப்பார். கந்தப்பன் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை தீட்டிய கம்பைத் தொலைவில் பிடித்துக்கொண்டு நிற்பார். தோட்டத்தார் அவரைக் கொடிக்காரர் என்றே அழைத்தார்கள்.

அவரை அங்கம்மாவுக்கு நன்றாகவே தெரியும். திங்கட்கிழமைதான் அவர் அவளுடைய நிரைக்குள் புகுந்து, பார்வைக்கு மறைக்கிறதென்று இரண்டு செடிகளைக் கழித்து, நடுவில் அளவைக் குறியான ஒரு மரமுளையை அறைந்துவிட்டுப் போனார். அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். அது போதாதென்று, அவர் தலை மறைந்ததும் முளையைப் பிடுங்கி முந்தானைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுல ஒரு முளை இருக்கணுமே," என்றார் கந்தப்பன்.

"என்ன முளை?"

"தலையில சிவப்பு மை. உடம்புல நாப்பத்தொண்ணுன்னு நம்பர். காணோமேன்னு எங்க துரை கேட்டாரு. காட்டுப்பன்னி கிளறிப் போட்டுருச்சுங்கன்னு சொல்லிட்டேன். எந்தப் பன்னின்னு சொல்லலை."

வேறொரு நாளாயிருந்தால் குடத்துத் தண்ணீர் அவர் தலையில்தான் கொட்டியிருக்கும். "அடுப்படியில கிடக்கு, கொடிக்காரரே. எடுத்துக்கிட்டுப் போங்க. ரெண்டு நாள்ல நானே இங்க இருக்கமாட்டேன்."

"அதுக்குத்தான் வந்தேன். முளை கிடக்கட்டும், அந்த ரெண்டு நாளுக்காக வந்தேன்." அவர் வாளியைக் கீழே வைத்தார். "நேத்து பத்தரை மணிக்கு நான் உச்சியில கொடியோட நின்னேன். அந்தக் குதிரைக்காரனைப் பார்த்தேன். சாக்கை விரிச்சு வெச்சுக்கிட்டுக் குதிரைக்குப் புல்லறுத்துக்கிட்டு இருந்தான். ஆனா எங்க? ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவுல. நீங்க இந்தப் பக்கம். நடுவுல அஞ்சு சங்கிலி தூரம் இருக்கும்."

சங்கிலி என்பது அளவைக்காரரின் அளவு. அறுபத்தாறு அடி நீள இரும்புச் சங்கிலியை இழுத்து இழுத்துத்தான் அவர்கள் மலையை அளந்துகொண்டிருந்தார்கள்.

"அய்யோ, அப்ப அதைக் களத்துல வந்து சொல்லியிருக்கலாமே!"

"எனக்கு இப்பத்தானே விஷயமே தெரிஞ்சுது. இனி சொன்னாலும் நம்புவாங்களா? நான் பத்து நாள்ல கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டுப் போறவன். அவரு தன் கண்ணால பார்த்தவரு. அவர் கண்ணுக்கு அவர் கண்ணுதான் பதில் சொல்லணும். நாளைக்கு மத்தியானம் எங்க கூடாரத்துக்கு வாங்க. அவர் என்னத்தைப் பார்த்தாருன்னு உங்களுக்குக் காட்டுறேன்."

திட்டு வாங்கியவர் ஏன் இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று அங்கம்மாவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சமாயிருந்தது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "வாறேன்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல், சின்னத் துரையின் பங்களாவுக்கு நேர் கீழே இருந்த மொட்டைமேட்டில், மூன்று காலில் நின்றது அந்தக் கண்ணாடி. அளவைத் துரை ஒரு மரநிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். கந்தப்பன் ஏதோ சொன்னதும், அங்கம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, தொடாமல் பார்க்கலாம் என்று கையைக் காட்டினார்.

"காலையிலேயே ரெண்டு கம்பு நட்டுட்டேன்," என்றார் கந்தப்பன். "நீங்க நின்ன இடத்துல ஒண்ணு. அவன் புல்லறுத்த இடத்துல ஒண்ணு. கையைப் பின்னால கட்டிக்கிட்டுக் கண்ணை மட்டும் வையுங்க."

அங்கம்மா கண்ணை வைத்தாள். வைத்த வேகத்தில் பின்வாங்கினாள்.

"மலை தலைகீழாத் தொங்குது!"

"அப்படித்தான் தெரியும். இந்தக் கண்ணாடிக்கு அதுதான் சுபாவம். உங்க லயத்துப் புகைகூடக் கீழ்நோக்கித்தான் போகும். அதுக்காக இந்தத் தோட்டத்து ஆளுகளையெல்லாம் காலைக் கட்டித் தொங்க விட்டிருக்காங்கன்னு நான் போய்க் கேஸ் குடுக்கலாமா? பாருங்க, பாருங்க. கம்பைப் பாருங்க."

மறுபடி பார்த்தாள். தேயிலைச் செடிகள் ஒவ்வோர் இலையாய்த் தெரிந்தன. நடுவில் சிவப்பும் வெள்ளையுமாக இரு கம்புகள், ஒரே குழியில் நட்டவைபோல, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. ஓடையைத் தேடினாள், ஓடை இருந்த சுவடே இல்லை. இந்தக் கரைச் செடிகளும் அந்தக் கரைப் புல்லும் ஒரே துணியில் ஒட்டுப் போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாள். எதிர்மலையில் நூல் முனை அளவுக்கு ஒரு புள்ளி. ஒன்றா இரண்டா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"இதைத்தான் அவர் பார்த்தாரு," என்றார் கந்தப்பன். "இது இருபது மடங்குக் கண்ணாடி. சின்னத் துரையோடதும் இருபதுதான், பித்தளையில வெட்டியிருக்குன்னு பங்களாச் சமையக்காரரு சொன்னாரு. இருபதுன்னா என்ன? இங்க இருந்து நீங்க நின்ன இடம் அறுபது சங்கிலி. கண்ணாடி அதை மூணு சங்கிலியாக் கிட்டக் கொண்டாந்து நிறுத்துது. அந்த மட்டுக்கும் நல்லதுதான். ஆனா உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல இருந்த அஞ்சு சங்கிலியையும் சும்மா விடுமா? அதையும் இருபதுல ஒண்ணாக்கி, கால் சங்கிலியாச் சுருட்டிப்புடுது. அந்தக் கால் சங்கிலியும் நேர்க்கோட்டுல பின்னால கிடக்கு. யார் கண்ணுக்குத் தெரியும்? பின்னால நிக்கிறவன் சின்னதாவாவது தெரியணுமேம்பீங்க. பதிமூணுல ஒரு பங்குதான் குறைவான். அவன் நெட்டை, நீங்க குட்டை. ரெண்டும் சரியாப் போச்சு. உங்க கூடை அவன் சாக்குல போய் உக்கார்ந்துக்கிச்சு."

அங்கம்மா எழுத்தறியாதவள், ஆனால் ஒரு பேச்சை நுனி முதல் அடிவரை மடித்துப் பார்க்காமல் விடுகிறவள் அல்லள். "அப்ப இதைவிடப் பெரிய கண்ணாடி வெச்சுப் பார்த்தா நடுவுல உள்ள தூரம் தெரியுமா?"

"தெரியாது. இன்னும் பெருசாத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்துல நிக்கிறதைக் கண்ணாடி விலக்கிக் காட்டும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிக்கிறதை எவ்வளவு பெரிசாக்கினாலும் விலக்காது."

அவள் எதிர்மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாறு ஆண்டுகளாக அவள் நடந்த நிரைகள் அங்கே இருந்தன. கீழ்ரோட்டிலிருந்து குறுக்கே பார்த்தால் அந்த நிரைகள் வழியில்லாத பச்சைச் சுவராய் மூடிக்கிடக்கும். பத்து எட்டு நடந்து நிரைத் தலைப்புக்கு வந்தால், வகிடெடுத்த தலைபோல ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். செடி நின்ற இடத்திலேதான் நிற்கிறது, ஆள்தான் நகர்ந்திருக்கிறான்.

"கொடிக்காரரே, பின்னால நிக்கிறவனைப் பக்கத்துல நிக்க வெச்சுட்டா?"

"அதெப்படி? அவன் நிக்கிற இடம் அதுதானே."

"அவன் நிக்கட்டும். பார்க்கிறவர் மாறணும். பங்களாவை விட்டுட்டு, அந்தா, ஸ்டோர் மாடிக்கு வந்து பார்க்கச் சொன்னா?" தேயிலை வாட்டும் ஸ்டோர், பங்களாவுக்குத் தெற்கே, மலையைப் பக்கவாட்டில் பார்த்தபடி நின்றது. "அங்க இருந்து பார்த்தா ஓடை நடுவுல வாயைப் பொளந்துக்கிட்டுல்ல தெரியும்?"

கந்தப்பன் தலையைச் சொறிந்துகொண்டார்.

"பதினோரு வருஷமாக் கொடி பிடிக்கிறேன். எங்க துரை ஒரே மலையை ரெண்டு இடத்துல நின்னு பார்ப்பாரு. இவருக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சுக்குவேன். ஏன் பார்க்கிறாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, அக்கா."

சனிக்கிழமைப் பெரட்டில் அங்கம்மா அழைக்கப்படாமலே முன்னால் போய் நின்றாள். முந்தைய இரவெல்லாம் சொற்களை அடுக்கி வைத்திருந்தாள். அழக்கூடாது, சின்னத் துரையைக் குற்றம் சொல்லக்கூடாது, கேட்பது ஒன்றாக இருக்க வேண்டும். இம்மூன்றும் அவள் தனக்குத்தானே விதித்துக்கொண்டவை.

"துரை, சின்னத் துரை பார்த்தது பொய்யின்னு நான் சொல்லலை. அவர் பார்த்ததை நானும் நேத்துப் பார்த்துட்டேன். இன்னொரு தரம் அதே கண்ணாடியில பார்க்கட்டும். பிறகு ஸ்டோர் மாடியில நின்னு ஒரு தரம் பார்க்கட்டும். அதுக்குப் பிறகும் போன்னு சொன்னா, பன்னண்டு மணிக்கு முன்னாலயே போயிர்றேன்."

வடிவேல் கங்காணிக்குச் சுருக்கென்றது. "துரைமாருக்கு மலை மலையா நடக்கிறதுதான் வேலையா? கொழுப்பைப் பாருங்க."

பெரிய துரை கையமர்த்தினார். களத்தோரம் கம்போடு நின்ற கந்தப்பனை அருகே அழைத்து, தணிந்த குரலில் நாலைந்து கேள்விகள் கேட்டார். கேட்கக் கேட்க அவர் மீசை ஒரு பக்கமாக ஏறியது. பிறகு சின்னத் துரையை முன்னே பங்களாவுக்கு அனுப்பிவிட்டு, கந்தப்பனை ஒரு வெறுஞ்சாக்கோடு ஓடைக்கு அக்கரைக்குப் போகச் சொல்லி, வடிவேலைக் கூப்பிட்டார்.

"கங்காணி, நீ ஒரு கூடையை எடுத்துக்கிட்டுப் பதினாலாம் மலைக்குப் போ. ஓடைக்கு இந்தப் பக்கம் கொடிக்காரரு நட்டுவெச்ச கம்புகிட்ட நில்லு. பங்களாவுல வெள்ளைத் துணி ஆடினதும் கூடையைத் தூக்கிச் சாய்."

"நானா? கூடையா? துரை, எனக்குக் கோட்டு இருக்கு, தலைப்பாகை இருக்கு..."

"ரெண்டையும் கழட்டாம போ. அதுதான் வேணும்."

ஒன்றரை மணி நேரத்துக்குப் பின், அங்கம்மா பங்களாப் படியின் கீழே நின்றாள். மேலே விறாந்தையில் இரண்டு துரைமாரும் நின்றார்கள். யார் எங்கே நிற்கிறார் என்பது சின்னத் துரைக்குச் சொல்லப்படவில்லை. சமையற்காரர் வெள்ளைத் துணியை ஆட்டினார். அங்கம்மாவின் கண்ணுக்கு எதிர்மலையில் ஒரு புள்ளிதான் தெரிந்தது. ஆகவே அவள் மலையைப் பார்க்கவில்லை. சின்னத் துரையின் முகத்தைப் பார்த்தாள். பூவம்மாவின் கூரை அந்த முகத்தில்தான் இருந்தது.

"இருக்கு!" என்று கத்தினார் அவர், கண்ணாடியை எடுக்காமலே. "அதே இடம்! ஒரு ஆள் கூடை தூக்குது! மற்ற ஆள் சாக்கு பிடிக்குது! கொழுந்து சாக்குக்குள்ளே போகுது!" ஒரு கணம் நிறுத்தினார். குரல் இறங்கிற்று. "அது... பெரிய கங்காணி. கங்காணி கொழுந்து திருடுது!"

பெரிய துரை கண்ணாடியை வாங்கித் தாமும் பார்த்தார். பார்த்துவிட்டு விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். சமையற்காரர் துணியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். அங்கம்மா சிரிக்கவில்லை, பாதி வழிதான் வந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும்.

எல்லோரும் ஸ்டோருக்கு நடந்தார்கள். வாட்டும் மாடியில், பச்சைக் கொழுந்து பரப்பிய தட்டுகளுக்கு இடையே, சின்னத் துரை மேற்குச் சன்னலைத் திறந்து கண்ணாடியை நீட்டினார். அங்கம்மாவையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார் பெரிய துரை. இங்கிருந்து அவளுடைய வெறுங்கண்ணுக்கே தெரிந்தது: ஒரு சரிவில் கறுப்புக் கோட்டோடு ஒரு புள்ளி, பிறகு இருண்டு பிளந்து கிடந்த ஓடை, அதற்கப்பால், வெகு அப்பால், சாக்கோடு மற்றொரு புள்ளி. பாலம் ஒரு மைலுக்குக் கீழே இருந்தது. கங்காணி இன்னும் கூடையைச் சாய்த்தபடியே நின்றுகொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லி யாரும் துணி ஆட்டவில்லை.

சின்னத் துரை நீண்ட நேரம் பார்த்தார். கண்ணாடியை இறக்கியபோது அவர் காதுகள் சிவந்திருந்தன. பெரிய துரையிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். பிறகு அங்கம்மாவின் பக்கம் திரும்பினார். அவரிடம் இருந்த தமிழ் அதற்குப் போதவில்லை.

"அங்கம்மா. நான் பார்த்தது, சரி. நான் நினைச்சது, பிழை."

அங்கம்மா கைகூப்பினாள். கூப்பிய கைகளுக்கு மேலாக அவள் கண் ஓடையின் அக்கரையில் நின்ற நெட்டைப் புள்ளியைத் தேடியது. காலையிலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல், தன் கூட்டத்து வேலைக்குப் பிந்தியதற்காக ஏச்சு வாங்கப் போகிறவராய், யாரோ ஒருத்தியின் கூரைக்காக ஒரு வெறுஞ்சாக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் நிற்கிறார். அவளுக்கு அவர் உறவில்லை, ஊரில்லை. அவரிடமிருந்து அவள் எடுத்தது ஒரு முளை. அவருக்கு அவள் கொடுத்தது வசவு. அவளுடைய மனம் தளும்பி நின்றது. அதைச் சொல்ல ஒரு சொல்லையும் அவள் முன்கூட்டி அடுக்கி வைத்திருக்கவில்லை.

திரும்பி வந்த வடிவேல் கங்காணி வியர்த்திருந்தார். "என்னைப் பார்த்து என்ன சொன்னாரு சின்னத் துரை?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. மாலைக்குள் லயம் முழுவதற்கும் தெரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அங்கம்மா குளித்துத் தலை முடிந்து, ஒரு சொம்பு மோரும் பொட்டலங்கட்டிய அவித்த கிழங்கும் எடுத்துக்கொண்டு, பதினாலாம் மலைக்கு ஏறினாள். மடியில் நாற்பத்தொன்றாம் நம்பர் முளை இருந்தது. ஒரு வாரம் அடுப்படியில் கிடந்ததில் ஒரு பக்கம் கருகியிருந்தது. கருகிய இடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, நம்பர் தெரியும்படி துடைத்திருந்தாள். கந்தப்பன் அங்கே சம்மட்டியோடு காத்திருந்தார்.

"குடுங்க, நான் அறையிறேன்."

"வேணாம். புடுங்கினவதான் நடணும்." பழைய குழி இன்னும் தூர்ந்திருக்கவில்லை. முளையை அதில் நிறுத்தி, நம்பர் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் திசைக்குத் திருப்பி, சம்மட்டியால் தானே நான்கு அடி அடித்தாள். ஐந்தாவது அடிக்கு முன், பக்கத்துச் செடியின் ஒரு கிளை பார்வைக்கு மறைப்பதைக் கண்டு, அதையும் தன் கையாலேயே ஒடித்தாள். செடிக்கு நேர்ந்ததை எண்ணி அவளுக்கு வலித்தது, ஆனாலும் ஒடித்தாள்.

கந்தப்பன் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். "எங்க துரை கேட்டா என்ன சொல்லட்டும்? முளை திரும்ப வந்துருச்சே."

"காட்டுப்பன்னியே கொண்டாந்து நட்டுட்டுப் போச்சுன்னு சொல்லுங்கண்ணே," என்றாள் அங்கம்மா.

அவர் சிரித்த சிரிப்பு ஓடையின் அக்கரைவரை கேட்டது.

முடிவில் தீர்மானிக்கப்பட்டவை இவை. அங்கம்மாவுக்கு எழுதிய சீட்டைப் பெரிய துரை திங்கட்கிழமைப் பெரட்டில் எல்லோரும் பார்க்கக் கிழித்தார்; லயத்து அறை அவள் பெயரிலேயே இருந்தது; வேலைக்குப் போகாத மூன்று நாளும் கூலிக் கணக்கில் அவளுக்குப் பேர் போடப்பட்டது. தூரக்கண்ணாடியில் கண்டதைக் கொண்டு யாரையும் குற்றஞ்சாட்டுவதாயின், முதலில் அந்த இடத்துக்கு ஆளனுப்பித் தூரத்தைச் சங்கிலியால் அளந்து பார்க்க வேண்டும் என்று பெரிய துரை உத்தரவிட்டார். அதைத் தாமே தமிழில் எழுதிப் பழகப் போவதாகச் சின்னத் துரை சொல்லி, மூன்று பிழைகளோடு எழுதி, ஸ்டோர் வாசலில் ஒட்டினார். கொழுந்தைக் கூடையில் உலுப்பிவிடும் வழக்கத்தை எல்லா நிரைப் பெண்களும் கைக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. செவ்வாய்க்கிழமை காலை அதே அறையில் பூவம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அளவைக்கூட்டம் வெள்ளிக்கிழமை கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு தெமோதரைப் பக்கம் போயிற்று. அதற்குப் பின், பதினாலாம் மலையில் நாற்பத்தொன்றாம் நம்பர் முளையை எவரும் தொடக்கூடாது என்று அங்கம்மா சொல்லிவைத்தாள், எவரும் தொடவில்லை.